அடித்தந்தியிலிருந்து எழுதியவர்: டேவ் ஹாலண்டின் இசைவாழ்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழாக் கச்சேரி மேடைகளிலும் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ சனிக்கிழமை மாலையில் பாட்டுப் பயிற்சி நடக்கும் ஆலயத்துக்குள் நுழைந்தால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், கீபோர்டு வாசிப்பவரின் முதுகைப் பார்த்தபடி, நான்கு தந்திக் கிட்டாருடன் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் முன்னால் இருக்கும் தாளில் பாடல் வரிகளும் அவற்றின் தலைமேல் கார்டுகளின், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்களின், பெயர்களும் மட்டுமே இருக்கும். மெட்டு அமைத்தவர் ஒருவர், இசைக்கோர்ப்பு செய்தவர் இன்னொருவர்; கார்டின் முதல் சுரத்தைத் தாளம் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தால் போதும் என்பதே அவரிடம் எதிர்பார்க்கப்படுவது. அந்த இடத்தில் நிற்பவர் இசையமைப்பாளராகவும் குழுவின் தலைவராகவும் ஆக முடியுமா, அப்படி ஆனால் அவர் எழுதும் இசை எவ்வகையில் வேறுபட்டிருக்கும் என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஜாஸ் டபுள் பேஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான டேவ் ஹாலண்ட். இவரினும் வேகமாக வாசிப்பவர்கள் உண்டு; பொதுமக்களிடையே இவரினும் பெயர் பெற்ற பேஸ் கலைஞர்களும் உண்டு. அறுபது ஆண்டுகளாக அவர் எடுத்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, பேஸ் என்னும் கருவியைக் கைவிடாமலும், அதை மெட்டு வாசிக்கும் கருவியாக மாற்ற முயலாமலும், அதன் இயல்பான இடத்தில் நின்றபடியே ஒருவர் தலைமைப் பொறுப்புக்கு வந்த வழி தெளிவாகத் தெரிகிறது என்பதாலேயே அவரைத் தேர்ந்தேன். பிறப்பு முதல் இன்று வரையிலான முழு வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. திருப்பங்கள் சிலவற்றை மட்டும் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

பயிற்சிக் காலம்

ஹாலண்ட் 1946 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்தின் வோல்வர்ஹாம்ப்டன் நகரில் பிறந்தார். சிறுவயதில் யுகலேலி, பிறகு கிட்டார், பதின்மூன்று வயதில் பேஸ் கிட்டார் என்று எல்லாவற்றையும் தாமாகவே வாசித்துக் கற்றார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, அக்காலத்துப் பிரபலப் பாடல்களை வாசிக்கும் குழுவொன்றில் சேர்ந்துவிட்டார். இதுவரை நம் மாவட்டத்து இளைஞர் எவருடைய கதையும் இப்படித்தான் இருக்கக்கூடும். ஜாஸ் இதழ் ஒன்றின் கருத்துக்கணிப்பில் சிறந்த பேஸ் கலைஞராக ரே பிரவுன் தேர்வாகியிருந்ததைக் கண்ட அவர், கடைக்குப் போய் ரே பிரவுன் வாசித்த இசைத்தட்டுகளையும், உறையில் டபுள் பேஸுடன் நின்றுகொண்டிருந்தார் என்பதற்காகவே லெராய் வின்னகரின் இசைத்தட்டுகளையும் வாங்கிவந்து கேட்டார். ஒரு வாரத்துக்குள் தம் பேஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டு டபுள் பேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

அந்த மாற்றத்தின் கனத்தை இரண்டு கருவிகளையும் தொட்டுப் பார்த்தவர்களே உணர முடியும். நான்கு தந்திகளும் அவற்றின் சுருதியும் இரண்டிலும் ஒன்றே. அடித்தந்தி இரண்டிலும் வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. ஆனால் டபுள் பேஸ் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரக்கருவி. விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கட்டைகள் அதன் கழுத்தில் இல்லை. தந்தி தடித்தது, உயரமாகக் கட்டப்பட்டது. இடது கை நான்கு விரல்களின் பலத்தால் அழுத்தினால்தான் சுரம் பிறக்கும், அதுவும் மயிரிழை விலகினால் சுருதி கெடும். மின்கருவியில் ஒரு மாதத்தில் மேடையேறிவிட முடியும். டபுள் பேஸில் சுருதி நிற்கவே ஆண்டுகள் பிடிக்கும்.

1964இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஹாலண்ட், உணவகத்தில் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டே, அந்நகரின் முன்னணி ஆர்கெஸ்ட்ராக்களில் முதன்மை பேஸ் கலைஞராக இருந்த ஜேம்ஸ் மெரெட்டிடம் பாடம் கேட்டார். நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பயிற்சியை அளித்த மெரெட், கில்டுஹால் இசைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கவும் தூண்டினார். அங்கே மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை கிடைத்தது. பகலில் மேற்கத்தியச் செவ்வியல் இசை, இரவில் ரானி ஸ்காட்ஸ் என்னும் ஜாஸ் கிளப், இடையே ஜான் ஸ்டீவன்ஸ், இவான் பார்க்கர், கென்னி வீலர் போன்றோருடன் முன்னேற்பாடற்ற கற்பனை இசை என மூன்று உலகங்களில் ஒரே நேரத்தில் அவர் வளர்ந்தார். பின்னாளில் சக்தி குழுவின் வழியே நம் நாட்டுக்கு நெருக்கமான கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் அந்த லண்டன் வட்டத்தில் அவருடன் வாசித்தவரே. எழுதியதை வாசிக்கவும் எழுதாததை வாசிக்கவும் ஒருசேரத் தேர்ச்சி பெற்ற இந்தக் காலமே பிற்கால இசையமைப்பாளரின் அடித்தளம் என்று கருதுகிறேன். புகழ் தந்த ஆண்டுகளுக்கு இந்த ஆய்வில் அதற்கு அடுத்த இடமே.

மைல்ஸ் டேவிஸின் குழு

1968 ஜூலையில் ரானி ஸ்காட்ஸில் ஹாலண்ட் வாசித்துக்கொண்டிருந்ததை அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் கேட்டார். டிரம்ஸ் கலைஞர் ஃபில்லி ஜோ ஜோன்ஸ் வாயிலாக அழைப்பு வந்தது. பதில் சொல்வதற்குள் டேவிஸ் ஊர் திரும்பிவிட்டிருந்தார். இரண்டு வாரங்கள் கழித்து, மூன்று நாள் அவகாசத்தில் நியூயார்க் வந்து சேர வேண்டும் என்ற செய்தி கிடைத்தது. ரான் கார்ட்டர் விட்டுச்சென்ற இடத்துக்கு, ஜாஸ் உலகின் மிகக் கடினமான பேஸ் இருக்கைக்கு, இருபத்தொரு வயது இளைஞர் ஒத்திகையின்றி வந்து சேர்ந்தார்.

இக்காலத்து ஒலிப்பதிவுகளில் ஒன்றைப் பொறுமையாகக் கேட்கும்படி என் மாணவர்களிடம் வற்புறுத்துவது வழக்கம். 1969 பிப்ரவரி 18 அன்று பதிவான 'இன் எ சைலன்ட் வே' இசைத்தட்டின் முதல் பக்கம் அது. ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல் ஆகிய மூவர் மின்விசைப் பலகைகளில் இருக்க, மெக்லாக்லின் கிட்டாரிலும் வெய்ன் ஷார்ட்டர் சாக்சபோனிலும் இருக்க, ஏறத்தாழ பதினெட்டு நிமிடங்கள் ஓடும் அந்தப் பகுதியில் ஹாலண்டுக்கு அமைந்த வேலை கிட்டத்தட்ட ஒரே அடிச்சுரத்தைச் சுற்றி நிற்பது. கார்டு மாறுவதே அரிது. மேலே இத்தனை பேர் விருப்பம்போல் மிதந்து செல்ல முடிவதற்குக் காரணம் கீழே ஒருவர் இடம்பெயராமல் நிற்பதுதான் என்பதை, கேட்கும் காது சில நிமிடங்களில் கண்டுகொள்ளும். இதைச் சலிப்பான வேலை என்று ஒதுக்கும் மாணவர்களிடம், அதே நிமிடங்களில் அவருடைய அழுத்தமும் தந்தியை விடும் நேரமும் எப்படி நுண்மையாக மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதைக் கவனிக்கச் சொல்வேன். அதே ஆண்டு ஆகஸ்ட் 19 முதல் 21 வரை பதிவான 'பிட்சஸ் புரூ'வில் மின்பேஸை ஹார்வி புரூக்ஸ் வாசிக்க, ஹாலண்ட் டபுள் பேஸில் நின்றார்.

அடுத்த ஆண்டு மேடைகளில் மின்பேஸும் அவர் கைக்கு வந்தது. குழு ராக் இசையின் பெருந்திரள் கூட்டங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் திருவிழாவில் லட்சக்கணக்கானோர் முன்னிலையில் அவர்கள் வாசித்தார்கள். அந்த உச்சத்தில் ஹாலண்டும் கொரியாவும் குழுவை விட்டு வெளியேறினார்கள்.

இந்த வெளியேற்றம் ஒரு சண்டையின் விளைவு என்று நினைக்க இடமில்லை. மரக்கருவியின் இயல்பான ஒலியில், இன்னும் கட்டற்ற இசையைத் தேட வேண்டும் என்ற விருப்பம் இருவருக்கும் இருந்தது. சாக்சபோன் கலைஞர் ஆண்டனி பிராக்ஸ்டன், டிரம்ஸ் கலைஞர் பாரி ஆல்ட்ஷுல் ஆகியோருடன் அவர்கள் தொடங்கிய 'சர்க்கிள்' சிறிய அரங்குகளில், சிறிய கூட்டத்துக்கு வாசித்து, ஓரிரண்டு ஆண்டுகளில் கலைந்தும் போனது. வருமானத்தையும் புகழையும் கணக்கில் கொண்டு மட்டும் பார்ப்பவர் இதைத் தவறான முடிவு என்றே எழுதுவார். அடுத்து நடந்ததைப் பார்த்தால்தான் அந்த முடிவின் பயன் விளங்கும்.

1972 நவம்பர் 30

சர்க்கிளில் உடனிருந்த பிராக்ஸ்டனையும் ஆல்ட்ஷுலையும் சேர்த்துக்கொண்டு, தம்மினும் மூத்த சாக்சபோன் கலைஞரான சாம் ரிவர்ஸையும் அழைத்து, அந்த நாளில் ஹாலண்ட் தம் பெயரில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதன் பெயர் 'கான்ஃபரன்ஸ் ஆஃப் தி பேர்ட்ஸ்'. அதிலுள்ள ஆறு உருப்படிகளும் அவர் எழுதியவை. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. வெளியிட்டது மியூனிக்கில் 1969இல் தொடங்கப்பட்ட ஈசிஎம் நிறுவனம். அதன் நிறுவனர் மான்ஃப்ரெட் ஐக்கரும் டபுள் பேஸ் வாசித்தவர் என்பது இந்த ஆய்வுக்குத் தொடர்புள்ள செய்தி: கீழ்ச்சுரங்களின் தெளிவுக்கு அந்த நிறுவனத்தின் பதிவுகள் தந்த கவனத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

லண்டனில் தாம் வசித்த வீட்டின் சிறு தோட்டத்தில், கோடைக்காலத்தில் விடியற்காலை நான்கைந்து மணிக்குப் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து கூடி, தனித்தனியாகவும் சேர்ந்தும் பாடியதையே இந்தப் பெயர் குறிப்பதாக ஹாலண்ட் அந்த இசைத்தட்டின் உறையில் எழுதியிருக்கிறார். இசைத்தட்டின் பெயரையே தாங்கிய உருப்படி தனி டபுள் பேஸில் தொடங்குகிறது. பிறகு புல்லாங்குழல் வந்து சேர, ஆல்ட்ஷுல் டிரம்ஸை விட்டு, மரப்பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவுக்கு வருகிறார். மெட்டு நாட்டார் பாடலின் எளிமையோடு மேலே செல்ல, கீழே பேஸ் சுழலும் தொடர் ஒன்றை விடாமல் வாசிக்கிறது. இசைத்தட்டின் மற்ற உருப்படிகளில் சில கட்டற்றுப் பாய்பவை. எழுதிய பகுதி சில வரிகளோடு முடிய, நால்வரும் ஒருவருக்கொருவர் காதுகொடுத்தபடி மேலே கட்டிக்கொண்டு போகிறார்கள்.

இந்தக் குழுவில் பியானோ இல்லை, கிட்டார் இல்லை. கார்டு வாசிக்கக்கூடிய கருவி எதுவும் நிலையாக இல்லை. ஒரு சாக்சபோன் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். எனவே இது மேஜரா மைனரா, எங்கே நிற்கிறோம், எங்கே போகிறோம் என்பதைக் கேட்பவருக்கு உணர்த்தும் பொறுப்பு முழுக்க பேஸின் தலையில் விழுகிறது. கீழே ஒரு சுரத்தை மாற்றினால் மேலே ஒலிக்கும் அதே சுரத்தின் பொருள் மாறிவிடும் என்பது, சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் முறையான ஹார்மனியின் அரிச்சுவடி. பியானோ இருந்தால் அந்த மாற்றத்தைப் பியானோ தீர்மானிக்கும், அது இல்லாதபோது பேஸ் தீர்மானிக்கும். தலைவராக வருவதற்கு ஹாலண்ட் முன்வரிசைக்கு வரவில்லை. மேடையிலிருந்து ஒரு கருவியை எடுத்துவிட்டு, தம் கருவி நின்ற இடத்தையே தலைமை இடமாக ஆக்கிக்கொண்டார். அவருடைய இசைவாழ்வில் நான் காணும் மையமான முடிவு இதுதான்.

எழுபதுகளின் எஞ்சிய ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். சாம் ரிவர்ஸின் குழுவில் நீண்ட காலம் பணி, கிட்டார் கலைஞர் ஜான் அபெர்குரோம்பி, டிரம்ஸ் கலைஞர் ஜாக் டிஜானெட் ஆகியோருடன் 'கேட்வே' மூவர் குழு, 1977இல் பதிவான தனி பேஸ் இசைத்தட்டு ஆகியவை அந்த ஆண்டுகளுக்கு உரியவை. எண்பதுகளின் தொடக்கத்தில் கடும் நோயில் விழுந்து மீண்ட பிறகே தமக்கென நிலையான குழு ஒன்றை அமைத்தார்.

குடமும் பேஸும்

1983இல் அமைந்த அந்த ஐவர் குழுவில் கென்னி வீலரின் டிரம்பெட், ஸ்டீவ் கோல்மனின் சாக்சபோன், ஜூலியன் பிரீஸ்டரின் டிராம்போன் ஆகிய மூன்று ஊதுகருவிகளும் டிரம்ஸும் இருந்தன. இங்கும் பியானோ இல்லை. தொண்ணூறுகளின் இறுதியில் உருவாகி அவருடைய குழுக்களில் மிகுந்த பாராட்டைப் பெற்ற ஐவர் குழுவில் கிறிஸ் பாட்டரின் சாக்சபோன், ராபின் யூபாங்ஸின் டிராம்போன், ஸ்டீவ் நெல்சனின் வைப்ரஃபோன், பில்லி கில்சனின் டிரம்ஸ் இடம்பெற்றன. 'பிரைம் டைரக்டிவ்', 'நாட் ஃபார் நத்திங்' ஆகிய இசைத்தட்டுகளை அந்தக் குழுவின் உச்சமாகக் கொள்ளலாம். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனில் நான்கு கோல்களால் கார்டு வாசிக்க முடியும் என்றாலும், நெல்சன் அதைத் தெளித்தாற்போலவே வாசித்தார். அடியை மூடிவிடும் கனம் அதற்கு இல்லை.

இந்த இசை எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதை நம் மாவட்டத்தவருக்கு விளக்க வில்லுப்பாட்டினும் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களில் கோயில் கொடைக்குப் போனவர்கள் மண்குடத்தைப் பார்த்திருப்பார்கள். வில் அந்தக் குடத்தோடு பிணைத்து நிறுத்தப்பட்டிருக்கும். குடத்தின் அருகில் அமர்ந்தவர் ஒரு கையில் பிடித்த மட்டையால் அதன் வாயை அடித்து, ஆழ்ந்த ஒலியை எழுப்புவார். மறுகையால் அதன் உடலைத் தட்டி இடைவெளியை நிரப்புவார். புலவர் கதையை நீட்டினாலும் சுருக்கினாலும், உடுக்கை எங்கே ஓடினாலும், அனைவரும் திரும்பி வந்து சேரும் இடம் குடத்தின் அந்தக் 'கும்' என்னும் அடி. குடத்தை எடுத்துவிட்டால் தாளம் மட்டும் போவதில்லை. வில்லே நிற்க இடமின்றிச் சரியும். ஹாலண்டின் உருப்படிகளில் பேஸ் செய்வது இந்த இரட்டை வேலை. காலத்தைக் காட்டுவதோடு, மேலேயுள்ள மெட்டுகள் சாய்ந்து நிற்கும் உடலாகவும் அது இருக்கிறது.

அவர் ஓர் உருப்படியை பேஸுக்கான தொடரிலிருந்து வளர்ப்பதைப் பல இடங்களில் காதால் கண்டுகொள்ளலாம். ஐந்து, ஏழு, ஒன்பது என நான்கில் அடங்காத எண்ணிக்கைகளில் அமைந்த தொடர்களை அவர் விரும்பி எழுதுகிறார்; நம் கணக்கில் கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம். அந்தத் தொடர் தன்னளவில் பாடக்கூடியதாக இருக்கும். அதன் மேல் டிராம்போனுக்கு ஒரு மெட்டு, சாக்சபோனுக்கு அதோடு குறுக்கிடும் இன்னொரு மெட்டு என அடுக்கப்படும்போது, மூன்று தனித்தனி வரிகள் சந்திக்கும் புள்ளிகளில் ஹார்மனி தானாகப் பிறக்கிறது. கடினமான எண்ணிக்கையில் வாசிக்கிறார்கள் என்ற உணர்வே கேட்பவருக்கு எழாத அளவுக்கு பேஸ் தொடர் உடலில் இறங்கிவிடுவது இவருடைய தனித்திறன். எண்ணிக்கையின் சிக்கலைக் காட்சிப்பொருளாக வைக்கும் பல இளைய குழுக்களைக் கேட்டுவிட்டு இவரிடம் திரும்பும்போது இந்த வேறுபாடு மனத்தில் அழுத்தமாகப் பதிகிறது.

பதின்மூவர் குழுவும் சொந்த நிறுவனமும்

ஐவருக்காக எழுதியதைப் பதின்மூவருக்கு விரித்து, 2002இல் 'வாட் கோஸ் அரவுண்ட்' என்னும் பெருங்குழு இசைத்தட்டை ஹாலண்ட் வெளியிட்டார். பெருங்குழுப் பிரிவில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. கேட்வே, ஐவர் குழு என்று தம் இசைத்தட்டுகள் பலவற்றை வெளியிட்ட ஈசிஎம்மை விட்டு விலகி, 2005இல் டேர்2 என்னும் சொந்த நிறுவனத்தை அவர் தொடங்கியது அதன் பிறகுதான். டேர்2 வெளியிட்ட 'ஓவர்டைம்', மான்டெரே ஜாஸ் திருவிழா கேட்டு எழுதப்பட்ட, பல பகுதிகள் கொண்ட இசைத்தொடர் ஒன்றை உள்ளடக்கியது. அதுவும் அதே பிரிவில் கிராமி பெற்றது.

கேட்ட ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இசை ஆய்வுகளில் அடிக்குறிப்பாகப் போய்விடுகிறது. நம் சூழலுக்கோ அது முதற்கேள்வி. திருவிழா மேடையில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசி வாசிக்கும் நம் இளைஞர்களின் வாசிப்பு, மறுநாளே யாரோ ஒருவருடைய யூடியூப் சேனலில் ஏறுகிறது. அதில் வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஹாலண்ட் தம் ஐம்பத்தெட்டாம் வயதில், விருதுகளும் பெயரும் கையில் இருந்தபோது, பதிவின் உரிமையைத் தம் பக்கம் கொண்டுவந்தார். அந்தப் பெயர் இல்லாதவர் அதை எப்படிச் செய்வது என்பதற்கு அவருடைய வாழ்விலிருந்து நேரடியாக விடை எடுக்க முடியாது. எனினும் ஒன்றைக் கவனிக்கலாம். தாம் தலைவரான பிறகும் அவர் பிறர் குழுக்களில் வாசிப்பதை நிறுத்தவில்லை. 2008இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியைப் பெற்ற ஹெர்பி ஹான்காக்கின் 'ரிவர்' இசைத்தட்டில் பேஸ் வாசித்தவர் அவரே. 1968இல் நியூயார்க்கில் முதல் கச்சேரிக்குத் தம்மைக் கிளப்புக்கு அழைத்துச்சென்றவரின் குழுவில், நாற்பதாண்டுகளை நெருங்கும் வேளையில், அவர் அமைதியாகக் கீழ்ச்சுரம் வாசித்துக்கொண்டிருந்தார். இத்தகைய நீண்ட உறவுகள் அவர் வாழ்வில் பல: டிஜானெட், வீலர், கோல்மன், பாட்டர். புதிய குழுவைத் தொடங்கும்போதும் பழைய காதுகள் சிலவற்றை அவர் உடன் வைத்துக்கொள்கிறார்.

பியானோ இல்லாத மேடை என்னும் என் வாதத்துக்கு மாறான சான்றுகளையும் சொல்லிவிட வேண்டும். கென்னி பேரன் என்னும் பியானோ மேதையுடன் இருவராக அவர் வாசித்த இசைத்தட்டு 2014இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் 'பிரிசம்' குழுவில் கிரெய்க் டேபோர்னின் விசைப்பலகையும் கெவின் யூபாங்ஸின் கிட்டாரும் இருந்தன. இவற்றைக் கூர்ந்து கேட்டால், விசைப்பலகைக் கலைஞர்கள் இருவருமே பேஸுக்கு இடம் விட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் என்பது புலப்படும். ஆகவே பியானோவை விலக்குவது அவருக்கு விதியல்ல; அடியை யார் தீர்மானிக்கிறார் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வதே விதி.

ஜாகிர் உசேனோடு

நம் காதுக்கு நெருக்கமான கட்டம் இது. தபலா மேதை ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், லூயி பேங்க்ஸ் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்களோடு ஹாலண்டையும் கிறிஸ் பாட்டரையும் சேர்த்து 'கிராஸ்கரண்ட்ஸ்' என்னும் குழுவை நடத்தினார். அதிலிருந்து சாக்சபோன், பேஸ், தபலா என்று மூவர் குழுவாகச் சுருங்கியபோது பிறந்த இசைத்தட்டு 2019இல் வெளிவந்த 'குட் ஹோப்'. உருப்படிகளை மூவரும் பகிர்ந்து எழுதினார்கள்.

தபலாவின் இடதுகைப் பக்கமான பாயான் ஆழ்ந்த, வழுக்கிச் செல்லும் கீழ்ச்சுரங்களை ஒலிக்கக்கூடியது. டபுள் பேஸும் அதே தளத்தில் நடமாடுகிறது. இரண்டு கீழ்க்கருவிகள் ஒரே இடத்தில் மோதினால் ஒலி சேறாகிவிடும். மேடை ஒலியமைப்பாளர்கள் அனைவரும் இதை அறிவார்கள். இந்த இசைத்தட்டில் ஹாலண்டின் சுரங்கள் சுருக்கமாகவும் இடைவெளியோடும் வருகின்றன; பாயான் பேசும்போது அவர் மேல் தந்திகளுக்கு நகர்கிறார், அது ஓயும்போது கீழே இறங்குகிறார். தமக்குரிய தளத்தை இன்னொருவரோடு பங்கிடுவது எழுபதைக் கடந்த வயதில் அவர் ஏற்றுக்கொண்ட புதிய பாடம் என்றே சொல்வேன். 2017இல் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் வழங்கும் ஜாஸ் மாஸ்டர் என்னும் உயரிய மதிப்பைப் பெற்றபிறகும் இந்தத் தேடல் நிற்கவில்லை. 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்ததோடு அந்த மூவர் உரையாடல் முடிந்துவிட்டது.

நம் பாடகர் குழுவில்

ஹாலண்டுக்கு வாய்த்த கில்டுஹால் உதவித்தொகையோ, இரவுதோறும் வாசிக்க ரானி ஸ்காட்ஸ் போன்ற இடமோ நாகர்கோவிலில் இல்லை. ஆனால் அவருக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. லண்டன் மிஷன் காலம் தொட்டு இம்மாவட்டத்தின் ஆலயங்களில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு பாகமாகப் பாடும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. அந்த ஞானப்பாட்டு நொட்டேஷனில் பேஸ் குரலுக்கு எழுதப்பட்டிருப்பது ஒரு முழு மெட்டு; அது ஏறும், இறங்கும், சில இடங்களில் சொப்ரானோவுக்கு எதிர்த்திசையில் நடக்கும். அதே பாட்டுக்கு அதே ஆலயத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் கையில் கார்டு பெயர் மட்டுமுள்ள தாள் கொடுக்கப்படுவது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருவது. பேஸ் குரலில் பாடும் முதியவருக்குத் தெரிந்த வரி, இரண்டடி தள்ளி நிற்கும் இளைஞருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது இடர் கீபோர்டின் இடது கை. நம் குழுக்களில் கீபோர்டு கலைஞரே எல்லாமாக இருந்து பழகியவர். அவர் இடது கை எப்போதும் கீழ்ச்சுரங்களை நிரப்பிக்கொண்டிருக்கும். பேஸ் கிட்டார் அதோடு மோத, ஒலி குழம்ப, மிக்சரில் இருப்பவர் பேஸின் ஒலியைக் குறைத்துவிடுவார். அதன் பிறகு பேஸ் கிட்டார்க்காரர் என்ன வாசித்தாலும் யாருக்கும் கேட்பதில்லை. கேட்காததைச் செம்மையாக வாசிக்க யாருக்கும் ஊக்கம் இருப்பதில்லை.

இந்த ஆய்வை மாணவர்களோடு பேசி முடித்த வாரத்தில், பயிற்சி ஒன்றில் கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் ஒரு ஞானப்பாட்டு முழுவதும் வலது கையால் மட்டும் வாசிக்கும்படி கேட்டேன். "எடக்கைய எடுத்தா பாட்டுக்குக் கனம் இருக்காதே மாஸ்டர்" என்றார். பேஸ் கிட்டார் வாசிப்பவருக்குப் பேஸ் குரலின் நொட்டேஷனைக் கொடுத்திருந்தேன். முதல் இரண்டு சரணங்கள் தடுமாற்றத்தோடு போயின. அவருக்கு அந்தச் சுரங்கள் புதியவை, பாடகர்களுக்கோ வழக்கமான துணை இல்லாத அச்சம். மூன்றாம் சரணத்தில் பேஸ் பாடுபவர்கள் தங்கள் வரி கிட்டாரில் ஒலிப்பதைக் கேட்டு இயல்பாகவே அதோடு சேர்ந்துகொண்டார்கள். டெனர் பாகத்தில் நெடுநாளாக இருந்த சுருதிப் பிழை ஒன்று அப்போதுதான் வெளியே தெரிந்து, அங்கேயே திருத்தப்பட்டது.

அடுத்த கட்டமாக, மூன்று பேஸ் மாணவர்கள் ஆளுக்கு எட்டு ஆவர்த்தம் எழுதி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கார்டு எழுதக் கூடாது. முதலில் பேஸ் வரி, அதைப் பாடிப் பார்த்துவிட்டு அதன் மேல் ஒரே ஒரு மெட்டு. ஒருவர் ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டார். ஐந்து எண்ணிக்கையில், அடித்தந்தியின் திறந்த சுரத்தில் தொடங்கி நான்காம் எண்ணில் மேலே தாவி, ஐந்தாம் எண்ணில் நிற்காமல் விட்டுவிடும் தொடர் அது. அந்த விடுபட்ட இடத்தில் மெட்டு நுழைய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் மெட்டை இரண்டு எண்ணிக்கை நீளமாக எழுதிவிட்டதால் அடுத்த சுற்றின் தலையில் போய் இடிக்கிறது. இந்தச் சனிக்கிழமை அந்த இடத்தை உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்; சரியானால், வருகிற கிறிஸ்மஸ் கீதப் பவனிக்கு நான்கு பாகமாக விரித்து எழுதும் பொறுப்பையும் அவரிடமே கொடுப்பதாகப் பாடகர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.